தழும்பு தெரியாத ராணிகள்

இடைவேளைக்குள் இருபத்திரண்டு பெண்களின் இடது கையைப் பார்த்து முடித்துவிட்டாள் செண்பகவடிவு. ஒன்றில்கூடத் தழும்பு இல்லை. பெரிய ராணி, சின்ன ராணி, சாமரம் வீசுகிறவர்கள், குடத்தோடு குறுக்கே போகிறவர்கள், அந்தப்புரத்தில் ஆடின எட்டுப் பேர், ஒருத்தியையும் விடவில்லை. கதை என்ன என்று யாராவது கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். சித்தப்பா ஏதோ சூழ்ச்சி செய்கிறார், அது தெரியும், ராஜா படத்தில் சித்தப்பா என்று ஒருவர் வந்தால் வேறு எதற்கு வரப்போகிறார். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் முப்பத்து மூன்று வருஷமாகக் கிராம நர்ஸ். யாரைக் கண்டாலும் முகத்துக்கு முன்னால் அவள் கண் போய் நிற்பது இடது புஜத்தில்தான், கோயிலில் அம்மனுக்கு முன்னால் நின்றாலும் அப்படித்தான், சாமி குத்தமாகிவிடும் என்று பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பிறந்த பிள்ளைக்குக் காசநோய் வராமல் இருக்க இடது புஜத்தில் ஓர் ஊசி போடுவார்கள். ஒன்றரை மாதத்தில் அது கொப்புளிக்கும், உடையும், ஆறும், ஆறின இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு நின்றுவிடும், சாகிறவரைக்கும் போகாது. அதற்கு முந்தின தலைமுறைக்கு அம்மை குத்தின தழும்பு, அது இன்னும் பெரிசு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராணி, தங்கத் தேரிலிருந்து இறங்குகிறாள், உலகமே குனிந்து நிற்கிறது, பார்த்தால் அவள் கையில் ஆரம்ப சுகாதார நிலையத்துத் தழும்பு. வடிவுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வரும், சிரிப்போடு கொஞ்சம் பெருமையும் வரும், எந்த ஊரிலோ தன்னைப் போல ஒருத்தி வெயிலில் நடந்துபோய் இந்த ராணிக்குக் குத்திவிட்டிருக்கிறாள் என்று. இந்தப் படத்தில் அந்தப் பெருமைக்கும் வழியில்லாமல் போயிற்று. எல்லார் கையிலும் வங்கி, புஜத்தில் மாட்டுகிற நகை, அதுவும் சரியாக அந்த இடத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற வங்கி. பக்கத்து சீட்டில் இருந்த தீப்பெட்டி ஆபீஸ்காரி, பேர் பேச்சித்தாய் என்று கேட்காமலே சொன்னவள், ஒரு பப்ஸைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள். வடிவு வாங்கிக்கொண்டாள். இந்தப் பக்கத்து சீட் காலியாக இருந்தது, அதில் தன் கைப்பையை வைத்திருந்தாள்.

விளக்கு அணைந்தது. திரையில் அரண்மனைப் படிக்கட்டு, சின்ன ராணி இறங்கி வந்தாள், பட்டு பின்னாலேயே படிபடியாக வழிந்து வந்தது. இந்த ஒரு நடைக்காகவே எத்தனை படம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் வாழ்க்கையில் யாரும் மெதுவாகப் படி இறங்கிப் பார்த்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம், தடுப்பு மருந்துப் பெட்டிக்குள் ஐஸ் உருகுவதற்குள் ஓட்டம், எவளுக்கோ பனிக்குடம் உடைந்துவிட்டது என்று ஓட்டம். ராஜா ராணி படத்தில்தான் மனுஷர்கள் நடக்கிறார்கள். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு வர ஒரு ராணிக்கு ஒரு முழு நிமிஷம் ஆகும், அந்த நிமிஷத்தில் அவள் இடுப்பு ஒட்டியாணத்தைப் பார்க்கலாம், காதோரத்து மாட்டலைப் பார்க்கலாம், திரைச்சீலையின் ஜரிகையை எண்ணலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அழுதாலும் அந்த ராணிகளுக்கு மூக்கு ஒழுகாது. மகுடத்தோடு தூங்கி மகுடத்தோடு எழுந்திருப்பார்கள். எல்லாம் காக்காப்பொன் என்று வடிவுக்குத் தெரியாதா என்ன, தெரிந்துதான் பார்க்கிறாள், கண்ணுக்கு நிறைந்தால் போதாதா. குடிசைக்கும் சுகாதார நிலையத்துக்கும் நடந்து நடந்து குதிகால் வெடித்துப்போன ஒருத்திக்கு மூன்று மணி நேரம் பட்டில் கண்ணை வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் அது பாவமா. புருஷன் சுடலைமுத்து உயிரோடு இருந்த காலத்தில் கேலி செய்வார், உனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பஸ் டிப்போ மெக்கானிக்கைப் பார்த்தது உங்கப்பன் தப்பு, ஒரு தளபதியைப் பார்த்திருக்கணும் என்பார். மகளுக்கு மங்கையர்க்கரசி என்று பேர் வைத்தபோதும் அதே கேலி, ரேஷன் கார்டில் ஒரு ராணி ஏறிவிட்டாள் என்று. அவர் போனபோது அரசி எட்டாம் வகுப்பு. பிறகு தாயும் மகளுமாகத்தான் எல்லாப் படமும். இதே தியேட்டர், அப்போது மரப் பெஞ்சுக்குக் கொஞ்சம் மேலான ஒரு சீட், மூட்டைப்பூச்சி கடிக்கும். அரசிக்குத் தழும்பு பார்க்கச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். அது அவர்களுக்குள் ஓர் ஆட்டம். யார் முதலில் திரையில் தழும்பைக் காண்கிறாளோ அவள் “குத்து” என்று சொல்லி மற்றவள் கையில், சரியாக அந்தத் தழும்பின் மேலேயே, ஒரு கிள்ளு கிள்ள வேண்டும். கிள்ளுகிறதற்கு முன்னாலேயே அரசி நெளிந்துகொண்டு “வலிக்குதும்மா” என்று ராகம் போடுவாள். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள்.

இப்போது சித்தப்பா ராஜா ஒரு பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தார். பாலைக் கொண்டுபோகிற பணிப்பெண், இருபத்துமூன்றாவது, அவள் கையில் வங்கி இல்லை, வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வங்கி இல்லாவிட்டால் என்ன, முந்தானை அந்த இடத்தில் வந்து கிடந்தது, அவள் திரும்பினபோதும் கிடந்தது, விஷப் பால் கீழே கொட்டி ஓடினபோதும் நகரவில்லை, ஊக்கு குத்தியிருக்கிறாள். உள்பக்கமாக ஊக்கு குத்தியிருக்கிறாள், கெட்டிக்காரி. யார் கெட்டிக்காரி என்று வடிவு தனக்குள்ளேகூடப் பேர் சொல்லவில்லை. போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய அண்ணன் மகன் வாய் தவறிச் சொல்வதுபோலச் சொன்னான், அரசிதான் அத்தை அந்தப் பெரிய படத்துல ராணிமாருக்கு வங்கி, ஒட்டியாணம் எல்லாம் மாட்டிவிடுதாளாம், அவ கை படாம ஒருத்தியும் கேமரா முன்னால போக முடியாதாம். வடிவு பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டு, சாம்பாரில் உப்பு கம்மி என்றாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. போன வாரம் போனில் ஒரு செய்தி வந்தது, நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த செய்தி. அம்மா, நான் வேலை பார்த்த படம் வெள்ளிக்கிழமை வருது, முடிஞ்சா பாரு. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். முடிஞ்சா என்றால் என்ன அர்த்தம். அம்மாவுக்கு உடம்பு முடிந்தால் என்றா, மனசு முடிந்தால் என்றா. வெள்ளி போயிற்று, சனி ஞாயிறு போயிற்று, பதில் போடவில்லை, என்ன எழுத என்று தெரியவில்லை, பார்க்காமல் எழுதக்கூடாது, பார்த்துவிட்டு எழுதவும் பயமாக இருந்தது. நாளை புதன்கிழமை, ஊசி நாள், நகர முடியாது. அதனால் இன்றைக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் காலைக் காட்சிக்கு வந்திருக்கிறாள். டாக்டரம்மா காரணம் கேட்டார். சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றாள்.

பயம் என்ன என்று சொல்லிவிடலாம், ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு தழும்பு தெரிந்துவிட்டால் அது அரசியின் வேலையில் விழுந்த ஓட்டை. நர்ஸ் படிப்பை உதறிவிட்டுப் போய் நாலு வருஷம் கற்றது இதுதானா என்று இவளுடைய வாயே கேட்டுவிடும், இவள் வாயை இவளுக்குத் தெரியும். ஒரு தழும்பும் தெரியவில்லை என்றால் மகள் ஜெயித்துவிட்டாள், அம்மா சொன்னது பொய்யாகிவிட்டது, அது சந்தோஷம்தான், ஆனால் பிறகு அம்மாவுக்கு இந்தப் படத்தில் என்ன இருக்கிறது. இரண்டு மணி நேரமாகக் கையைக் கையைப் பார்த்து, கிள்ளுவதற்கு ஒரு இடம் கிடைக்காமல், விரல்கள் மடியிலேயே கிடக்கின்றன. இவள் தழும்பைத் தேடுகிறாளா, மகளைத் தேடுகிறாளா. தூத்துக்குடியில் நர்ஸிங் காலேஜில் இடம் வாங்க இவள் ஏறாத படியில்லை. இரண்டாம் வருஷம் பாதியில் அரசி பெட்டியோடு வந்து இறங்கினாள். சென்னையில் ஒரு உடையலங்காரக்காரியிடம் உதவிக்குச் சேர்ந்துவிட்டேன், நாளைக்கு ரயில் என்றாள். அப்போது வடிவு சொன்னது தியேட்டர் இருட்டில் இப்போதும் கேட்கிறது, படத்துச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. “ராஜா ராணி படம் பாக்குறது வேறட்டி. அந்த ராணி அவுத்துப் போட்ட சேலைய மடிக்கிறது வேற.” அரசி அழவில்லை. அவள் அழுதிருந்தால் இவளும் அழுது அத்தோடு போயிருக்கும். “பாத்துட்டு மறந்துரணும்னு நீ சொல்லலையேம்மா” என்றாள், அவ்வளவுதான், பெட்டியின் ஜிப்பை மூடினாள். முதல் மூன்று மாதம் ராத்திரி எட்டு மணிக்கு போன் வரும். வடிவு அது அடித்து ஓய்கிறவரைக்கும் அடுப்படியில் நிற்பாள். எடுத்தால் இளகிவிடுவோம் என்று எடுக்கவில்லை. ஒரு நாள் எட்டு மணிக்கு அது அடிக்கவில்லை. எட்டேகாலுக்கும் அடிக்கவில்லை. ஊமையாகிவிட்டதோ என்று தன் இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள், நன்றாக அடித்தது.

போர் வந்துவிட்டது. யானை யானையாக வந்தது, தூசி, ஈட்டி, ஆயிரம் பேர் ஓடுகிறார்கள், பேச்சித்தாய் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். ஆண்களின் கையில் வடிவுக்கு அக்கறையில்லை, அவர்கள் கவசத்துக்குள் இருக்கிறார்கள். யானை மேல் போட்டிருந்த சிவப்புப் பட்டு விரிப்பின் குஞ்சலங்களை மட்டும் பார்த்தாள், ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடிற்று, உட்கார்ந்து கட்டியிருக்கிறார்கள், எந்தப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்து கட்டினார்களோ, சாப்பிட்டுவிட்டுக் கட்டினார்களா சாப்பிடாமல் கட்டினார்களா. அரசிக்குப் பசி பொறுக்காது. பிறந்ததிலிருந்தே பொறுக்காது. அவள் பிறந்து ஏழாவது நாள், பக்கத்துத் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ஊசி போட வர முடியாமல் போயிற்று, நானே போட்டுக்கொள்கிறேன் என்றாள் வடிவு. ஊரில் உள்ள பிள்ளைக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கை. இந்த ஊசி ஆழமாகப் போகக்கூடாது, தோலிலேயே நிற்க வேண்டும், சின்னதாக ஒரு கொப்புளம் எழும்ப வேண்டும். தன் பிள்ளையின் கையைப் பிடித்தபோது அவளுக்கு விரல் நடுங்கியது. ஊசி இடம் மாறி இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது, தோலையும் தாண்டிவிட்டது. மூன்று மாதத்தில் ஆறவேண்டிய புண் அஞ்சு மாசம் சீழ் கட்டி நின்றது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், நர்ஸம்மா பிள்ளைக்கே இப்படியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆறின பிறகு அது வட்டமாக இல்லை, புளியங்கொட்டை மாதிரி நீளமாக, நடுவில் ஒரு சுருக்கத்தோடு, மற்றவர்களுக்கு இருக்கிற இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே. தியேட்டரில் கிள்ளும்போது இருட்டில் அதைத் தேடவே வேண்டாம், விரல் தானாகப் போய் நிற்கும். எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குக் குத்தியிருப்பாள், கணக்கில் ஒன்றே ஒன்றுதான் தப்பிப்போனது, அது தன் பிள்ளை. அரசி பத்தாவது படிக்கும்போது அதைக் காட்டி, எனக்கு மட்டும் ஏம்மா இப்படி என்றாள். கை நடுங்கிட்டுட்டி என்றாள் வடிவு. எதுக்கு நடுங்குச்சு என்று கேட்டாள் மகள். நீதான்னு தெரிஞ்சதுனால என்று சொல்லியிருக்கலாம். நேரமாச்சு பஸ்ஸுக்குப் போ என்றாள்.

சித்தப்பா செத்துவிட்டார். இனி பட்டாபிஷேகம்தான், எழுந்து போகிறவர்கள் எழ ஆரம்பித்துவிட்டார்கள், செருப்பைத் தேடுகிற சத்தம். உக்காருங்கய்யா, நல்லது நடக்கும்போதுதான் போவீங்க என்று பேச்சித்தாய் பொதுவாக ஒரு சத்தம் கொடுத்தாள். திரை முழுக்கப் பொன். வடிவு தன்னை மறந்தாள், தழும்பை மறந்தாள், அதைத்தான் சொல்ல வேண்டும், அந்தப் பட்டாபிஷேகம் அப்படி இருந்தது. ஆயிரம் விளக்கு, மேலேயிருந்து இறங்குகிற மல்லிகைச் சரங்கள், பெரிய ராணியின் வெங்காயச் சருகு நிறத்துச் சேலை, அதன் மேல் பச்சைக் கல், அந்தப் பச்சையை வேறு யாருக்கும் கொடுக்காமல் அவளுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள், புருஷனை இழந்தவள் என்று நிறத்திலேயே சொல்லிவிட்டார்கள், வசனமே வேண்டாம். இது சேலை மடிக்கிற வேலையா. இல்லை. இது வேறு வேலை, இவளுக்குப் பேர் தெரியாத வேலை, நாலு வருஷமாக இவள் பேர் சொல்லாத வேலை. நெஞ்சு நிறைந்து நின்றது வடிவுக்கு, பக்கத்து சீட்டில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், யாரோ வந்து உட்காரப்போகிறதுபோல. சின்ன ராணி சிம்மாசனத்தின் முன்னால் வந்து நின்றாள். விளக்கு ஏந்திய பெண்கள் இரண்டு வரிசை. கேமரா அவர்களுக்குப் பின்னாலிருந்து மெதுவாக நகர்ந்தது, வரிசையாக முதுகுகள், பின்னல்கள், கைகள், வங்கி, வங்கி, வங்கி. கடைசியில் தூண் ஓரமாக ஒருத்தி, முகம் தூணுக்கு அந்தப் பக்கம், இடது கை மட்டும் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் இருந்தது. வங்கி இல்லை. முந்தானை இல்லை. புளியங்கொட்டை மாதிரி, நடுவில் சுருக்கத்தோடு, இரண்டு விரல் கீழே.

“குத்து” என்றாள் வடிவு. சத்தமாகவே சொல்லிவிட்டாள், கையும் போய்விட்டது, சரியான இடத்தில் நல்ல கிள்ளு. பேச்சித்தாய் ஆவென்று துள்ளினாள், மிச்சமிருந்த பப்ஸ் தரையில் விழுந்தது. “என்னக்கா?” என்றாள், கோபமாகக்கூட இல்லை, பயந்துபோய். வடிவு திரையை நோக்கி விரலை நீட்டினாள். எம் மக என்றாள். பேச்சித்தாய் திரும்பிப் பார்த்தாள், எங்கக்கா, எது, ராணியா என்று கேட்டாள், அதற்குள் திரையில் பூ கொட்டிக்கொண்டிருந்தது, வரிசை கலைந்துவிட்டது, எல்லாருமாக வாழ்க வாழ்க என்றார்கள். “போயிட்டா” என்றாள் வடிவு. அந்த வார்த்தையைச் சொன்னதும்தான் அழுகை வந்தது, ராணிகள் மாதிரி இல்லை, மூக்கு ஒழுக, முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு. பேச்சித்தாய் தன் கையைத் தேய்த்துக்கொண்டே இன்னொரு கையால் இவள் முதுகைத் தடவினாள். இரண்டு விநாடிதான் இருக்கும். உண்மையிலேயே பார்த்தாளா. வயசாகிவிட்டது, கண்ணில் புரை விழுகிறது என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆசைக்குக் கண் கிடையாது, விரும்பினது எல்லாத் தூண் ஓரத்திலும் தெரியும். யாராவது ஒரு துணை நடிகை அன்றைக்கு வராமல் போயிருப்பாள், ஆள் குறைகிறது என்று அரசியை நிறுத்தியிருப்பார்கள். சரி, நிற்க வைத்தார்கள், விளக்கைக் கொடுத்தார்கள், அத்தனை பேருக்கும் வங்கி மாட்டிவிட்டவளுக்குத் தனக்கு ஒன்று எடுத்து மாட்ட மறக்குமா. ஊக்கை உள்பக்கமாகக் குத்துகிறவளுக்கு மறக்குமா. அந்தக் கையை யார் பார்க்கப்போகிறார்கள், தேசம் முழுக்க இந்தப் படம் ஓடுகிறது, லட்சம் பேர் பார்க்கிறார்கள், எல்லாரும் ராணியின் முகத்தைப் பார்ப்பார்கள். தூண் ஓரத்தில் ஒரு கையைப் பார்க்கிறவள் ஒருத்திதான் இருக்கிறாள் என்று அரசிக்குத் தெரியும். வடிவு இதை நினைத்து நினைத்துத் திரும்ப அதே இடத்துக்கு வந்தாள், மறுபடியும் ஒரு தடவை வந்தாள், விளக்கு எரிந்துவிட்டது, கூட்டம் போய்விட்டது, கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வரிசைக்குள் வந்து, படம் முடிஞ்சிட்டும்மா என்றார்.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. பேச்சித்தாய் பஸ்ஸுக்குப் போகும்போது, உங்க மகளைக் கேட்டதாச் சொல்லுங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் நின்று போனை எடுத்தாள் வடிவு. படத்தைப் பற்றிச் சொல்ல நூறு இருந்தது, வெங்காயச் சருகுச் சேலையைச் சொல்ல வேண்டும், குஞ்சலத்தைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு நான் பேசினது தப்பு என்று சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்வது என்று அடுக்கி வைத்துக்கொண்டாள். மணி மூன்று தடவை அடித்தது. எடுக்காவிட்டால் என்ன செய்ய, எடுக்காமல் விட்டவள் நீதானே, அடித்து ஓய்கிறவரைக்கும் நின்று பார் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம், யாரோ சேஃப்டி பின் கேட்கிற சத்தம், பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டு எல்லாம் அமைதியானது. மூச்சு மட்டும் இருந்தது. அடுக்கி வைத்தது எல்லாம் போய்விட்டது வடிவுக்கு.

“குத்து” என்றாள்.

ஸ்டாண்டில் ஒருத்தர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். வடிவு போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்த அன்றைக்குப் போலவே விரல் நடுங்கியது.

“வலிக்குதும்மா” என்றாள் அரசி. ராகம் போடவில்லை.